பழைய ஐஸ் கம்பெனியில் நாற்பது நாய்கள்: உச்சிப்புளிப் பக்கத்துக் காப்பகம் பற்றி என் அனுபவம்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக இதே தொழில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் கடலுக்குப் போகிறவர்களுக்கு வேலை இருக்காது, எனக்குச் சாப்பிட நேரம் இருக்காது. மொத்தப் படகும் கரையில் நிற்கும்போதுதானே இன்ஜினைக் கழற்ற முடியும்.

அந்த 61 நாளும் ஜெட்டியில் கண்ணில் படுவது நாய்கள்தான். மற்ற மாதங்களில் எந்தக் கிழமை படகு வரும் என்று அவற்றுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். விடியுமுன்பே வந்து உட்கார்ந்திருக்கும். வலையில் கழிக்கிற சங்காயத்தில், அதாவது விலை போகாத பொடி மீனில், அவற்றுக்கும் ஒரு பங்கு உண்டு. தடைக்காலம் தொடங்கிய முதல் வாரம் அதே நேரத்துக்கு வந்து கடலைப் பார்த்து உட்காரும். இரண்டாம் வாரம் குப்பை மேட்டுக்குப் போகும். மூன்றாம் வாரம் ராமேஸ்வரம் ரோட்டுக்கு. சுற்றுலா வேன் நிறுத்திச் சாப்பிடுகிறவர்கள் இலையைப் போடுவார்கள் இல்லையா, அதற்காக. அங்கேதான் அடிபடும்.

போன வருஷம் ஏப்ரல் கடைசியில் அப்படி அடிபட்டது ஒரு பெட்டை. வெள்ளையும் செம்மண் நிறமும் கலந்தது, விலா எலும்பை எண்ணிவிடலாம். நாங்கள் நெத்திலி என்று கூப்பிடுவோம். பின்னங்கால் முறிந்து தொங்கியது. முதலில் கொண்டுபோன ஒரு கிளினிக்கில் தெருநாய் என்று தெரிந்ததும் பார்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஐஸ் ஏற்றி வரும் தம்பி ஒருவன்தான், "அண்ணே, உச்சிப்புளி தாண்டி புதுமடம் போற வழியில பழைய ஐஸ் கம்பெனி இருக்குல்ல, அங்க கொண்டு போங்க" என்றான். மூடிக் கிடந்த கம்பெனி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

வேனில் தூக்கி வைக்கும்போது வலி பொறுக்காமல் என் முன்கையைக் கவ்விவிட்டது. இரண்டு பல் பதிந்து ரத்தம் வந்தது. டீசல் துணியால் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். காப்பகத்தில் பொறுப்பாக இருக்கும் அக்கா வெளியே வந்தார், ஐம்பது வயது இருக்கும். நாயைப் பார்த்தார், அப்புறம் என் கையைப் பார்த்தார்.

"என்னண்ணே இது, கடிச்சிருச்சா?"

"சின்னதுதாங்க்கா. முதல்ல இதைப் பாருங்க."

"இதை நாங்க பார்த்துக்குறோம். நீங்க குழாய்க்கு வாங்க."

துணி சோப்பைக் கையில் கொடுத்து, சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, பதினைந்து நிமிஷம் குழாய்த் தண்ணீர் ஓட ஓடக் கழுவச் சொன்னார். ஐந்து நிமிஷத்தில் நான் கையை எடுத்ததும் திரும்பவும் பிடித்து வைத்தார். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பது அனேகமாக நடக்காத காரியம், தொடங்குமுன் ஊசி போட்டுக்கொண்டால் தப்பலாம் என்று அந்தப் பதினைந்து நிமிஷத்துக்குள் சொல்லி முடித்தார். அதற்குள் உள்ளே இருந்த இரண்டு பெண்கள் துணிப் பட்டையால் நெத்திலியின் வாயைக் கட்டி, பலகை ஒன்றில் கிடத்தி எடுத்துப் போய்விட்டார்கள்.

நேரே அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றி ஓர் ஊசி, கையில் தடுப்பூசி. அப்புறம் 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். காசு வாங்கவில்லை. அடுத்த பத்து நாளும் சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. "நெத்திலி சாப்பிட்டது, தண்ணி குடிச்சது, நல்லா இருக்கு." கடித்த நாய் பத்து நாள் கழித்தும் நன்றாக இருந்தால் கடித்த அன்று அதன் எச்சிலில் அந்தக் கிருமி இருந்திருக்காது என்று பத்தாம் நாள்தான் விளக்கினார்கள். அதற்காக ஊசியை நிறுத்தச் சொல்லவில்லை, நானும் நிறுத்தவில்லை. கடித்த நாயை அடித்துக் கொல்வதும், கடிபட்டவர் மஞ்சளும் சுண்ணாம்பும் தடவிக்கொண்டு வீட்டில் இருப்பதும் எங்கள் பக்கம் நான் கண்ணால் பார்த்தது. அந்த ஒரு குழாயடிக்காகவே இந்தக் காப்பகத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இனி இடத்தைப் பற்றி. ஐஸ் கம்பெனி எவ்வளவு பொருத்தமான கட்டடம் என்பது உள்ளே போனபோதுதான் புரிந்தது. சுவர் தடிமன், நடுவில் தெர்மோகோல் வைத்துக் கட்டியது, சித்திரை வெயில் உள்ளே இறங்காது. எந்நேரமும் தண்ணீர் ஒழுகும் தொழில் என்பதால் தரை முழுக்கச் சரிவும் வடிகாலும் முன்பே இருக்கின்றன. ஒரு வாளி ஊற்றினால் அழுக்கு தானே வாய்க்காலுக்குப் போய்விடும். மேலே பெரிய தண்ணீர்த் தொட்டி. ஐஸ் பார் அடுக்கி வைத்த நான்கு அறைகளில் ஜன்னல் இல்லாததால் சுவரை உடைத்துக் காற்றுக்கு வழி செய்திருக்கிறார்கள். ஒன்று புதிதாக வரும் நாய்களுக்கு, ஒன்று நோயாளிகளுக்கு, ஒன்று தாயும் குட்டிகளுமாக இருப்பவற்றுக்கு, ஒன்று பூனைகளுக்கு. உப்புத் தண்ணீர் நிரப்பி ஐஸ் உறைய வைத்த பெரிய தொட்டியில் இப்போது கடற்கரை மணல் கொட்டியிருக்கிறார்கள். குட்டிகள் விளையாடுவது அதில்தான். பெரிய கூடத்தைப் பன்னிரண்டு தடுப்புகளாகப் பிரித்து மூன்று நான்கு நாய்களாக வைத்திருக்கிறார்கள். சங்கிலி எங்கேயும் பார்க்கவில்லை. பின்பக்கம் உடைமர நிழலில் வேலி போட்ட திடல், காலையும் மாலையும் முறை வைத்துத் திறந்துவிடுகிறார்கள்.

குறை சொல்ல வேண்டியது இரும்பு வேலையை. தடுப்புகளுக்கு ஜிஐ பைப் போட்டதெல்லாம் சரிதான். ஆனால் பைப்பை வெல்டிங் வைத்த இடத்தில் மேலே இருக்கும் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். அந்த மூட்டை அப்படியே விட்டால், கச்சான் காற்று உப்பை வாரி அடிக்கிற நம் ஊரில் ஒரே வருஷத்தில் துரு ஏறும். அதுதான் நடந்திருக்கிறது. மூன்று கதவுக் கொண்டிகள் கையோடு வந்துவிடும் நிலையில் இருந்தன. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் மூட்டுகளைத் தேய்த்து துத்தநாகப் பெயின்ட் அடித்தேன், கொண்டிகளை எவர்சில்வருக்கு மாற்றினேன். கடற்கரையில் காப்பகம் தொடங்க நினைக்கிறவர்கள் கூண்டு செய்யும் அன்றைக்கே இதைச் செய்துவிடுங்கள். துருப்பிடித்த கம்பியில் நாய் கிழித்துக்கொண்டால் அந்தப் புண்ணுக்கும் நீங்கள்தான் மருந்து போட வேண்டும்.

தண்ணீர்தான் அவர்களுடைய பெரிய செலவு. ராமநாதபுரத்துக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. போர் தண்ணீர் உப்பு, தரை கழுவ மட்டும் ஆகும். குடிக்கவும் சமைக்கவும் லாரித் தண்ணீர். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2000 லிட்டர் ஓடுகிறது, அதில் முக்கால் பங்கு கழுவுவதற்கே.

சாப்பாடு ஒரு வேளை சமையல், காலையில் கொஞ்சம் மிச்சம். பத்துக் கிலோ குருணை அரிசி, மஞ்சள், பூசணிக்காய், அதோடு சங்காயம். மீனை முதலில் தனியாக வேகவைத்து, உதிர்த்து, முள்ளை எடுத்துவிட்டுத்தான் சோற்றில் கலக்கிறார்கள். அதற்கு மட்டும் தினமும் ஒரு மணி நேரம் ஆகிறது. உப்பு, வெங்காயம் கிடையாது, வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். தடைக்காலத்தில் சங்காயம் கிடைக்காதே என்று கேட்டேன். அப்போது கறிக்கடைகளில் சொல்லி வைத்துக் கோழித் தலையும் காலும் வாங்குகிறார்கள். பூனைக் குட்டிகளுக்குப் பசும்பால் கொடுப்பதில்லை என்பதும் எனக்குப் புதுச் செய்தி. வயிற்றுப்போக்கு வந்து அதிலேயே செத்துவிடுமாம். நான் சின்ன வயதில் எத்தனை குட்டிகளுக்குக் கொட்டாங்கச்சியில் பால் வைத்திருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

எப்படித் தொடங்கினார்கள் என்பதை அக்கா ஒரு மத்தியானம் முழுக்கச் சொன்னார், நெத்திலியின் மாவுக்கட்டை மாற்றிக்கொண்டே. இரண்டரை வருஷத்துக்கு முன்னால் மூன்று குடும்பம். ஆளுக்கு நான்கைந்து அடிபட்ட நாய்களை வீட்டுக் கொல்லையில் வைத்திருந்தார்கள், அக்கம்பக்கத்தில் சண்டை. சேர்ந்து ஓர் இடம் பார்க்கலாம் என்று ஐஸ் கம்பெனியைக் குறைந்த வாடகைக்குக் கேட்டு வாங்கினார்கள். சங்கமாகப் பதிய ஏழு பேர் வேண்டும், 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி. அந்த ஏழு பேரைத் தேடத்தான் ஊர் ஊராகப் போனாராம். ஒரு மருந்துக்கடைக்காரர், ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர், சர்ச்சில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் ஒருவர், ஜமாத்தில் ஒரு பெரியவர் என்று சேர்ந்திருக்கிறார்கள்.

தொடங்கிய முதல் ஆறு மாதம் வந்ததையெல்லாம் உள்ளே விட்டார்கள். ஒருநாள் யாரோ கேட் வாசலில் சாக்கில் கட்டி நான்கு குட்டிகளைப் போட்டுவிட்டுப் போனார்கள். பாவம் என்று எடுத்து நேரே மற்றக் குட்டிகளோடு விட்டார்கள். நான்காம் நாள் ஒன்றுக்கு வாந்தி, ரத்தபேதி. பார்வோ என்கிற, நாய்க்குட்டிகளைக் கொல்லும் தொற்றுநோய். பத்து நாளில் பதினொரு குட்டிகள் செத்தன. அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், சாதாரண சோப்புக்குப் போகாது. பின்பக்கத்து மேல்மண்ணையே வெட்டி அள்ளிப் புதைத்து, கூடம் முழுக்க பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றிக் கழுவி, இரண்டு மாதம் குட்டி எதையும் எடுக்காமல் கதவை மூடியிருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது அக்கா கட்டுத் துணியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "கூண்டுக்குக் காசு சேர்த்தோம், பேர்ப் பலகைக்குக் காசு சேர்த்தோம். தனி ரூமுக்குச் சேர்க்கலையே தம்பி" என்றார். அதுவரை அண்ணே என்று கூப்பிட்டவர் அன்றிலிருந்து என்னைத் தம்பி என்கிறார்.

இப்போது எது வந்தாலும் 14 நாள் தனி அறை. அந்த அறைக்குத் தனிச் செருப்பு, தனி வாளி, தனித் துடைப்பம், வாசலில் பிளீச்சிங் தண்ணீர்த் தட்டு. அங்கே வேலை செய்கிறவர் கடைசியாகத்தான் அங்கே போவார், அதற்குப் பிறகு குளித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். கேட்டில் ஒரு பலகை: பிராணிகளை இப்படி விட்டுவிட்டுப் போவது 1960ஆம் ஆண்டு பிராணி வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். விடுகிறவர்கள் இப்போதும் விடுகிறார்கள். பெரும்பாலும் ஆசைக்கு வாங்கி வயதானதும் சலித்துப்போன சாதி நாய்கள். நான் போன அன்று ஒரு லேபரடார், கண்ணில் பூ விழுந்தது, அந்தக் கேட்டையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது.

ஊரில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. சுற்றியுள்ள ஊர் நாயெல்லாம் இங்கே வந்து சேரும், பிள்ளைகளைக் கடிக்கும் என்று கூட்டம் போட்டார்களாம். அதில்தான் நாற்பதுக்கு மேல் ஒரு நாய் கூட வைப்பதில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஊரில் வீட்டு நாய், தெருநாய் எல்லாவற்றுக்கும் வெறிநாய்த் தடுப்பூசி இலவசமாகப் போட்டுவிடுவதாகவும் ஒப்புக்கொண்டார்கள், போடுகிறார்கள். ஒவ்வொரு மாத வரவு செலவும் முன்னறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. நான் கொடுத்த பெயின்ட் டப்பா கூட அதில் இருந்தது.

எனக்குப் பிடிக்காதவற்றையும் சொல்லிவிடுகிறேன். மத்தியானம் ஒன்று முதல் மூன்று வரை போனை எடுக்க ஆள் இல்லை. அடிபடுவது நேரம் பார்த்தா நடக்கிறது? பூனை அறை கூடத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது, குரைக்கும் சத்தத்தில் பூனைகள் தட்டுக்கு அடியிலேயே ஒடுங்கிக் கிடக்கின்றன. அதை மாற்றியே ஆக வேண்டும், அவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார். மற்ற நாள் அவசரம் என்றால் 1962க்கு அடித்து அரசு கால்நடை ஊர்தியை அழைக்கிறார்கள், அது ஆடு மாடு பார்க்கப் போன இடத்திலிருந்து வந்து சேரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வருகிறவர்களை உள்ளே விடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. பயந்துபோன நாய்க்கு அது நல்லதல்ல.

இதையெல்லாம்விட எனக்குக் கோபம் வந்தது ஜூன் மாதம். நெத்திலிக்கு மாவுக்கட்டுப் பிரித்து, கொஞ்சம் நொண்டினாலும் நடக்கத் தொடங்கியிருந்தது. கருத்தடைக்கு அனுப்பினார்கள். அந்த அறுவையை இங்கே செய்வதில்லை. தெருநாய்களுக்கு விலங்கு நல வாரியத்தின் அங்கீகாரம் உள்ள மையத்தில்தான் செய்ய வேண்டும், அதனால் ஆறேழாகச் சேர்த்து வண்டி வைத்துக் கொண்டுபோகிறார்கள். திரும்பி வந்ததும் காது நுனியில் சிறு வெட்டு, கருத்தடை ஆனதற்கு அடையாளம். "இனி ஜெட்டியிலேயே கொண்டு விட்டுரலாம்" என்றார் அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நொண்டி நாயைத் திரும்பவும் அந்த ரோட்டுக்கா? மாதம் இவ்வளவு தருகிறேன், இங்கேயே இருக்கட்டும் என்று சத்தம் போட்டேன். அக்கா கோபப்படவில்லை. நோயாளி அறையில் நான்கு நாய்களைக் காட்டினார். வெளியே வேனில் அன்று காலை வந்த ஒன்றைக் காட்டினார், வாலடியில் புழு வைத்த புண். "நெத்திலி இங்க இருந்தா இதுக்கு இடம் இல்ல. நாற்பதுதான்." அப்புறம் ஜெட்டிக் கதை. ஒரு நாயை எடுத்துவிட்டால் அந்த இடமும் அங்கே கிடைக்கும் மீனும் அப்படியே இருக்கும், கருத்தடையும் ஊசியும் இல்லாத வேறொன்று வந்து உட்காரும், ஈனும். இரண்டு மாதச் சினை, ஐந்தாறு குட்டி. ஊசி போட்ட நாய் அங்கேயே இருந்தால் அதுவே காவல். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. தெருநாய்க் கருத்தடை பற்றிய 2001ஆம் ஆண்டு விதிகளும், அதற்குப் பதிலாக 2023இல் வந்த விதிகளும் பிடித்த இடத்திலேயே திரும்ப விடச் சொல்கின்றன. இதெல்லாம் சென்னையில் ப்ளூ கிராஸ் என்கிற பிராணி நல அமைப்புக்காரர்கள் 1960களிலேயே பேசத் தொடங்கிய விஷயம் என்றார்.

கேட்டுக்கொண்டேன், மனம் ஒப்பவில்லை. ஆனால் இரண்டரை வருஷத்தில் அங்கே வந்தவை எத்தனை, வெளியே போனவை எத்தனை என்று சுவரில் இருக்கும் நோட்டைப் பார்த்தபோது எனக்குப் பிடிபட்டது. வந்தவை 312. ஊருக்குத் திரும்பியவை 187, வீடு கிடைத்தவை 59, செத்தவை 28, இப்போது உள்ளே 38. பூனைகளுக்குத் தனி நோட்டு, அவற்றில் பாதிக்கு மேல் கீழக்கரை வீடுகளுக்குப் போயிருக்கின்றன. நோட்டில் இருக்கும் எல்லாவற்றையும் உள்ளேயே வைத்திருந்தால் முதல் ஐம்பதோடு கதவு சாத்தியிருக்கும். ஏப்ரலில் நான் நெத்திலியைத் தூக்கிக்கொண்டு நின்றபோது எனக்கும் இடம் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஒன்றில் மட்டும் அவர்கள் காட்டிய கவனத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை. தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய், ஜெட்டியில் மீன் விழத் தொடங்கிய பிறகுதான் விடுவோம் என்று ஜூன் கடைசி வரை வைத்திருந்தார்கள். கடற்கரை நாய்களுக்கெல்லாம் அதுதான் அவர்கள் கணக்கு. பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணனிடமும் என்னிடமும் கையெழுத்து வாங்கினார்கள், மூன்று மாதம் கண் வைத்துக்கொள்வதாக.

போக நினைப்பவர்களுக்கு: காலை ஏழு முதல் பன்னிரண்டு வரை போனால் எல்லோரும் இருப்பார்கள். அடிபட்ட பிராணியை அட்டைப்பெட்டியிலோ பலகையிலோ வைத்துக் கொண்டுபோங்கள், கையில் தூக்காதீர்கள், துணியால் முகத்தை மூடுங்கள். எங்கே கிடைத்தது என்பதைச் சரியாகச் சொல்லுங்கள், திரும்ப விடும்போது அதுதான் முகவரி. சிகிச்சைக்குக் கட்டாயக் கட்டணம் இல்லை. நான் மாவுக்கட்டுக்கும் மருந்துக்கும் ஆன செலவில் பாதியைக் கொடுத்தேன், ரசீது தந்தார்கள். நல்லபடியாக இருக்கும் நாயை, வளர்க்க முடியவில்லை என்று கொண்டுபோனால் எடுக்க மாட்டார்கள். திட்டாதீர்கள். வேறு வீடு கிடைக்கும்வரை உங்கள் வீட்டிலேயே வைத்திருக்கச் சொல்லி, ஆள் தேட உதவுவார்கள். குட்டி தத்து எடுக்கப் போகிறவர்கள் வீட்டைப் பார்க்க ஆள் வருவதற்குத் தயாராக இருங்கள். சங்கிலியில் கட்டிப் போடுவேன் என்றால் கிடைக்காது. பிஸ்கெட் பாக்கெட் வாங்கிப் போகாதீர்கள். பழைய போர்வை, பிளீச்சிங் பவுடர், குருணை, இவை போதும்.

நெத்திலி இப்போது என் பட்டறை வாசலில்தான் படுக்கிறது. படகு வரும் நாளில் மட்டும் விடியுமுன் நொண்டிக்கொண்டே ஜெட்டிக்குப் போய்விடும். வரும் ஏப்ரலில் ஜெட்டி நாய்களுக்குத் தடைக்காலம் முழுக்கச் சோறு போட காப்பகத்துக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். ஆறு பட்டறைக்காரர்கள் சேர்ந்திருக்கிறோம், ஆளுக்கு ஒரு மூட்டை குருணை. அண்டா டீக்கடை அண்ணனுடையது.